ஊர் ஒற்றுமையும் ஒரு கொடிக்கம்பமும்

இந்த வாரம் ஒரு ரயில்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுறோம். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையத்தோட புகைபோக்கி. அப்புறம் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டைன்னு கொஞ்சம் கொஞ்சமா வயல் தெரிய ஆரம்பிக்கும். கடைசி ஸ்டாப் கும்மிடிப்பூண்டி. காலை ஷிஃப்டுக்குப் போற ரயிலா இருந்தா ஒரே பெட்டியில தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா நாலும் கேட்கும். எல்லாரும் தூங்கி வழிஞ்சுகிட்டே போவாங்க.

டிப்ளமோ முடிச்சதும் அங்க சிப்காட்ல ஒரு ஃபேக்டரியில நான் ரெண்டு வருஷம் ட்ரெயினியா இருந்தேன். பேர் வேண்டாம், நல்ல கம்பெனிதான். கும்மிடிப்பூண்டியில ஒரு ரூம். செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சா கம்பெனி பஸ், சுத்துவட்டார ஊர்கள்ல ஆட்களை இறக்கிவிட்டுட்டுப் போகும். எனக்கு முன்சீட்டுல எப்பவும் ரெண்டு பேர் ஒண்ணா உட்காருவாங்க. ஒரே மெஷின், ஒரே டிபன் பாக்ஸ், ஒரே இயர்போன்ல ஆளுக்கு ஒரு காது. ஒரே ஸ்டாப்ல இறங்குவாங்க. இறங்கினதும் ஒருத்தர் இடது பக்க ரோட்டுல போவார், இன்னொருத்தர் வலது பக்கம். பஸ்ஸுக்குள்ள இருந்த பேச்சு அந்த இடத்துல கட். ஒரு தலையாட்டல் கூட இருக்காது.

ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சது. இடது பக்கம் ஊர். வலது பக்கம் காலனி.

இதை ஏன் இப்போ சொல்றேன்னா, போன எபிசோடுக்கு ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். “சட்டம் போட்டு ஒற்றுமையைக் கொண்டு வர முடியுமா? மனசு மாறணும் இல்லையா?” நல்ல கேள்வி. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். அந்த நினைப்பை மாத்தினது, நான் வேலை பார்த்த அதே கும்மிடிப்பூண்டி ஒன்றியத்துல இருக்கற ஆத்துப்பாக்கம் பஞ்சாயத்துல நடந்த ஒரு விஷயம்.

2019 டிசம்பர்ல ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது ஞாபகம் இருக்கா? ஆத்துப்பாக்கத்துல தலைவர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அமிர்தம்ங்கற வயசான அம்மா ஜெயிச்சு வந்தாங்க. 2020 ஜனவரியில பதவியேற்பு. அந்த வருஷம் ஆகஸ்ட் 15. பஞ்சாயத்துத் தலைவர் தேசியக் கொடி ஏத்தணும். அவங்களால ஏத்த முடியல. சாதியைக் காரணமா வச்சுத் தடுத்துட்டாங்கன்னு அவங்க வெளிய வந்து சொன்னாங்க. குடியரசு தினத்துலயும் இதே கதைதான்னும் சொன்னாங்க.

அது கொரோனா வருஷம். லோக்கல் ரயில் ஓடல. நாங்கல்லாம் வீட்டுல உட்கார்ந்து ஃபோனைத் தேய்ச்சுட்டு இருந்தோம். செய்தி பரவிச்சு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல வழக்கு பதிவாச்சு, கைது நடந்தது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி திருவள்ளூர் கலெக்டர் மகேஸ்வரி ரவிக்குமாரும் எஸ்.பி. அரவிந்தனும் ஊருக்கே வந்தாங்க. அவங்க பக்கத்துல நிக்க, அமிர்தம் கொடி ஏத்தினாங்க. சுதந்திர தினம் முடிஞ்சு அஞ்சு நாள் கழிச்சு, ஒரு சாதாரண வியாழக்கிழமை.

அந்த ஃபோட்டோவை நான் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல பார்த்தேன். கீழ ஒரு பெரியப்பா எழுதியிருந்தார்: “ஊர் ஒற்றுமையா இருந்திருக்கும். கேஸ் போட்டுக் கெடுத்துட்டாங்க.” அதுக்கு நாலு தம்ஸ் அப். அதுல ஒண்ணு யாரோடதுன்னு சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு.

அந்த “ஊர் ஒற்றுமை”ங்கற வார்த்தைதான் இன்னைக்கு விஷயமே.

வட தமிழ்நாட்டுல “ஊர்”னு சொன்னா ரெண்டு அர்த்தம். அரசாங்கக் கணக்குல ஊர்னா அந்தக் கிராமம் மொத்தமும். பேச்சு வழக்குல ஊர்னா சாதி இந்துக்கள் இருக்கற பகுதி மட்டும். மிச்சம் காலனி. “ஊருக்குள்ள போறேன்”னு காலனியில இருக்கறவங்களே சொல்லுவாங்க, ஏதோ வெளியூருக்குப் போற மாதிரி. “காலனி”ங்கற சொல்லை அரசு ஆவணங்கள்ல இருந்து நீக்குறதா 2025 ஏப்ரல்ல முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்துல அறிவிச்சாரு. ஆவணத்துல இருந்து எடுத்துடலாம். ஸ்டாப்ல இறங்கி நடக்கற காலுக்குத் தெரியுமே!

அப்போ “ஊர் ஒற்றுமையா இருந்தது”ன்னு பெரியப்பா சொல்லும்போது, அந்த “ஊர்”ல யாரெல்லாம் இருக்காங்க? எங்க பாட்டி ஊர்ல திருவிழாவுக்கு வரி வசூலிப்பாங்க. வீட்டுக்கு இவ்வளவுன்னு. காலனி வீடுகள்ல வாங்க மாட்டாங்க. சின்ன வயசுல நான் அதைச் சலுகைன்னு நினைச்சேன். பாவம், ஏழைங்க, விட்டுடறாங்கன்னு. வரி கொடுத்தா கோயில்ல உரிமை வந்துடும், அதனாலதான் வாங்கறதில்லைன்னு காலேஜ் போனப்புறம்தான் புரிஞ்சது. அந்தத் திருவிழாவுல சண்டையே வந்ததில்லை. சண்டை போடக்கூடிய ஆளை உள்ளயே விடலைன்னா சண்டை எப்படி வரும்?

அரசியல் சாசனத்தோட முகப்புரையை எடுத்துப் பாருங்க. ஸ்கூல் புக்கோட முதல் பக்கத்துல இருக்கும், யாரும் படிச்சிருக்க மாட்டோம். மக்களாகிய நாம் உறுதி செய்யறதா நாலு விஷயம் வரும். முதல்ல நீதி. அப்புறம் சுதந்திரம். அப்புறம் சமத்துவம். கடைசியாத்தான் சகோதரத்துவம். நம்ம ஊர்ல இதைத் தலைகீழாக் கேட்போம். முதல்ல எல்லாரும் அண்ணன் தம்பியா பழகுங்க, நீதியெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்னு. 1949 நவம்பர் 25 அன்னைக்கு அரசியல் நிர்ணய சபையில அம்பேத்கர் பேசினதும் இதைச் சுத்தித்தான். அரசியல்ல எல்லாருக்கும் ஒரே ஓட்டு, சமூக வாழ்க்கையில சமத்துவம் இல்லைங்கற முரண்பாட்டுக்குள்ள நுழையறோம், இதைச் சீக்கிரம் சரிசெய்யலைன்னா கட்டினதெல்லாம் ஆட்டம் காணும்னு எச்சரிச்சாரு. ஆத்துப்பாக்கத்துல நடந்தது அதேதான். ஓட்டு விழுந்தது, எண்ணினாங்க, சர்டிஃபிகேட் கொடுத்தாங்க. கொடிக்கயிறு மட்டும் கைக்கு வரல.

சரி, இதுல சட்டம் என்ன செஞ்சது? கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம், ஏன்னா பல சட்டங்கள் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இருக்கு.

1950-லயே சாசனத்தோட 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிச்சாச்சு. ரெண்டே வரி. 1955-ல அதுக்குத் தண்டனைச் சட்டம். ஆனா அப்போ அமிர்தம் மாதிரி ஒருத்தங்க தலைவர் நாற்காலிக்குப் பக்கத்துல போற வாய்ப்பே குறைவு. 1993-ல 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்து, 1994-ல தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தப்புறம்தான், தலைவர் பதவியிலயே இட ஒதுக்கீடு வந்தது. அதாவது, யாரும் மனசு மாறிக் கொடுக்கல. சட்டம் நாற்காலியைக் கொண்டு வந்து போட்டுச்சு.

போட்டதும் என்ன ஆச்சு? மதுரை மாவட்டம் மேலவளவுல தலைவரா ஜெயிச்ச முருகேசனை 1997 ஜூன்ல வெட்டிக் கொன்னாங்க, கூட இருந்தவங்களையும் சேர்த்து. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் பக்கம் கொட்டகச்சியேந்தல், இந்த நாலு ஊர்லயும் பத்து வருஷம் ஒழுங்கா ஒரு தலைவர் உட்கார முடியல. வேட்புமனு போட ஆள் வராது, இல்லன்னா ஜெயிச்ச ஆளே ராஜினாமா பண்ணிடுவார். “ஊர்க் கட்டுப்பாடு.” 2006 அக்டோபர்ல, உதயச்சந்திரன் மதுரை கலெக்டரா இருந்தப்போ, பேச்சுவார்த்தை மேல பேச்சுவார்த்தை நடத்தித்தான் அங்க தேர்தல் நடந்தது. 2021 காந்தி ஜெயந்தி அன்னைக்கு அதே பாப்பாபட்டியில முதலமைச்சரே வந்து கிராம சபைக் கூட்டத்துல உட்கார்ந்தார். தேர்தலே நடத்த முடியாத ஊர்னு பேர் வாங்கின இடம். பதினஞ்சு வருஷம் ஆச்சு அதுக்கு.

நாற்காலி கிடைச்சவங்களுக்கும் இன்னொரு பிரச்சினை: நாற்காலி இருக்கும், உட்கார முடியாது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில தலைவர் தரையில உட்கார்ந்திருக்க, மத்தவங்க நாற்காலியில இருக்கற ஃபோட்டோ 2020 அக்டோபர்ல நாடு முழுக்கப் போச்சு. ஆத்துப்பாக்கம் நடந்து ரெண்டே மாசம்.

இதைச் சட்டம் முன்னாடியே யோசிச்சிருந்ததுங்கறதுதான் ஆச்சரியம். 1989-ல வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க. 2016 ஜனவரி 26 முதல் அமல். அதுல புதுசா சேர்த்த குற்றங்கள்ல ஒண்ணு, பிரிவு 3(1)(எம்): பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒரு பஞ்சாயத்துத் தலைவரையோ உறுப்பினரையோ, அவங்க வேலையைச் செய்ய விடாமத் தடுத்தாலோ மிரட்டினாலோ, அதுவே ஒரு தனி வன்கொடுமைக் குற்றம். அடி விழுந்திருக்கணும்னு இல்லை. வேலையைத் தடுத்தாலே போதும்.

இது ஏன் பெரிய விஷயம்? ஆத்துப்பாக்கம் மாதிரி ஒரு இடத்துல தடுக்கறது பெரும்பாலும் கத்தி எடுத்துத் தடுக்கறதில்லை. “இன்னைக்கு வேண்டாம், ஏன் வம்பு”ன்னு ஒரு ஃபோன். அலுவலகச் சாவி எங்கேன்னே தெரியல. காசோலையில தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும்கறது தமிழ்நாட்டு விதி. துணைத் தலைவர் பேனாவைத் திறக்கலைன்னா தெரு விளக்குக்குக் கூடப் பணம் வராது. யாரும் யாரையும் திட்டல, அடிக்கல. பார்க்க ஊர் அமைதியாத்தான் இருக்கும். பெரியப்பா சொன்ன ஒற்றுமை இதுதான். இந்த அமைதிக்குக் குற்றம்னு ஒரு பேர் வச்சதுதான் அந்தத் திருத்தம் செஞ்ச வேலை.

ஆனா சட்டத்துக்குக் கால் கிடையாது. தானா நடந்து வராது. இதுக்கும் திருவள்ளூர் மாவட்டத்துலயே உதாரணம் இருக்கு. கொத்தடிமை முறையை ஒழிச்ச சட்டம் 1976-லயே வந்தாச்சு. 2011-ல இதே மாவட்டத்துல ஒரு செங்கல் சூளையில இருந்து ஒடிசாவைச் சேர்ந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவங்களை மீட்டாங்க. சட்டம் வந்து முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு! யாரோ ஒருத்தர் வாய் திறக்கணும், ஒரு அதிகாரி ஜீப்ல ஏறணும். அப்போதான் அச்சடிச்ச சட்டம் அந்த இடத்துக்கு வந்து சேரும். ஆத்துப்பாக்கத்துல முதல்ல வாய் திறந்தது அந்த அம்மா. அது இல்லாம கலெக்டர் வந்திருக்க மாட்டாங்க. இதை நாம மறந்துட்டு அதிகாரிகளை மட்டும் பாராட்டிட்டுப் போயிடறோம்.

சரி, கலெக்டரும் போலீசும் நிக்க ஏத்தின கொடிக்கு மதிப்பு இருக்கா? அவங்க வண்டி கிளம்பினதும் எல்லாம் பழையபடி ஆயிடாதா? அந்த வாய்ஸ் மெசேஜோட உண்மையான கேள்வி இதுன்னு நினைக்கிறேன்.

இதே காட்சி அமெரிக்காவுல 1960 நவம்பர்ல நடந்தது. நியூ ஆர்லியன்ஸ்ல ரூபி பிரிட்ஜஸ்னு ஆறு வயசு கறுப்பினப் பொண்ணு. வெள்ளைக்காரக் குழந்தைகள் மட்டுமே படிச்ச பள்ளிக்கு, கோர்ட் உத்தரவால போறா. சுத்தி ஃபெடரல் மார்ஷல்கள். ரோட்டோரம் கூட்டம் கத்துது. வெள்ளைக்காரப் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த வருஷம் முழுக்க ஒரே ஒரு டீச்சர், வகுப்புல அவ மட்டும். “பாருங்க, சட்டம் போட்டு என்ன ஆச்சு, வகுப்பே காலி”ன்னு அன்னைக்கு யாராவது சொல்லியிருப்பாங்க. அடுத்த வருஷம் மார்ஷல்கள் வரல. வகுப்புல மத்த குழந்தைகளும் இருந்தாங்க.

மனசு மாறினதா? தெரியாது. அடுத்த வருஷம் அந்தக் கூட்டத்துக்குக் கத்தி அலுத்துப் போயிருக்கலாம். எனக்கு அது போதும்னு தோணுது. ஃபேக்டரியில முதல் மாசம் ஹெல்மெட் போடாம லைனுக்குப் போனா ஃபைன். எல்லாரும் திட்டிக்கிட்டேதான் போட்டோம். எனக்குப் பாதுகாப்பு உணர்வெல்லாம் ஒண்ணும் வரல. ஆறு மாசத்துல கை தானாப் போக ஆரம்பிச்சது. இப்போ கிரேன் பக்கத்துல யாராவது வெறுந்தலையா நின்னா எனக்கே பதறுது. முதல்ல விதி வந்தது, அப்புறம் பழக்கம், மனசு கடைசியாத்தான் வந்து சேர்ந்தது. எல்லா விஷயத்துக்கும் இது பொருந்தாது, ஒத்துக்கறேன். சாதி ஹெல்மெட் இல்லை. ஆனா மனசு மாறட்டும்னு காத்திருந்தா, காத்திருக்கற செலவு முழுக்க ஒரே தரப்புத் தலையில விழுது. அதைக் கணக்குல சேர்க்காமப் பேசக்கூடாது.

நகரத்துல இருக்கற நமக்கு இன்னொரு நம்பிக்கை உண்டு. தொழிற்சாலை வந்தா, படிப்பு வந்தா, சாதி தானாப் போயிடும்னு. கும்மிடிப்பூண்டி இதுக்கு நல்ல பரிசோதனைக்கூடம். பல பத்தாண்டுகளா இரும்பு உருகுற ஊர். அங்கயே தோக்கமூர்னு ஒரு கிராமம். திரௌபதி அம்மன் கோயிலை ஒட்டி ஒரு சுவர், தங்களை அந்தப் பக்கம் வரவிடாமத் தடுக்கக் கட்டினதுன்னு பட்டியலின மக்கள் பல வருஷமா மனு கொடுத்துட்டு இருந்தாங்க. 2022 அக்டோபர்லதான் போலீஸ் பாதுகாப்போட அதிகாரிகள் அதை இடிச்சாங்க. சிப்காட் இருக்கற அதே ஒன்றியம்.

ஃபேக்டரிக்குள்ள அந்த ரெண்டு பேர் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டாங்களே, அது எப்படி? அங்க எழுதி வச்ச விதி இருந்தது. கேன்டீன்ல எங்க உட்காரணும்னு சாதி முடிவு பண்ணாது, மீறினா வேலை போகும். பஸ் ஸ்டாப்ல இறங்கினதும் வேற விதி, எழுதாத விதி. அவங்க ரெண்டு பேரும் நல்லவங்கதான். தினமும் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு சட்டத்துல இருந்து இன்னொரு சட்டத்துக்குள்ள இறங்கி நடந்தாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

2022 ஆகஸ்ட்ல, சுதந்திரத்துக்கு 75 வருஷம் முடியற நேரத்துல, அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா கலெக்டர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். பட்டியலின, பழங்குடி ஊராட்சித் தலைவர்கள் எந்தத் தடையும் இல்லாமக் கொடியேத்தறதை உறுதி செய்யுங்கன்னு. தேர்ந்தெடுத்த தலைவர் கொடி ஏத்தலாம்னு சொல்ல ஒரு மாநிலத்தோட தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டியிருக்குன்னு நினைச்சா எரிச்சல் வருது. ஆனா 2020-ல ஒரு அம்மா புகார் சொன்னப்புறம்தான் நகர்ந்த அரசாங்கம், 2022-ல புகார் வர்றதுக்கு முன்னாடியே நகர்ந்தது. அந்த வித்தியாசத்தை நான் சும்மா விட மாட்டேன்.

அந்தத் தலைவர்களோட பதவிக் காலம் 2025 ஜனவரியில முடிஞ்சது. பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போச்சு. சட்டம் கொண்டு வந்து போட்ட நாற்காலி, தேர்தல் தள்ளிப் போனா அப்படியே காலியா நிக்கும். அதுக்கும் ஒரு விலை இருக்கு. அதை இன்னொரு எபிசோடுல பேசலாம்.

முடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த எபிசோடுக்குத் தயாராகும்போது, எங்க பாட்டி ஊர்ல தலைவர் பதவி யாருக்கு ஒதுக்கியிருந்ததுன்னு எனக்கே தெரியலைங்கறது ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு ஃபோன் பண்ணேன்.

“போன தடவையா? காலனியில இருக்கற ஒரு பொம்பளைக்குத்தான் வந்துச்சு. ஆனா எல்லாம் பார்த்துக்கிட்டது நம்ம ஆளுங்கதான்.”

“அவங்க பேர் என்னம்மா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சித்தப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்னாங்க. பத்து நாள் ஆச்சு, இன்னும் சொல்லல. சனிக்கிழமை நானே ஊருக்குப் போறேன். பஸ் ஸ்டாப்ல இறங்கி வலது பக்கம் போய்க் கேட்கணும்.